நெருக்கமாக நட்டால் கதிர் கூடுமா? இனிப்புச் சோளத்தில் இடைவெளியின் கணக்கு

பதுளை, வெலிமடை, குருத்தலாவ பகுதிகளில் மரக்கறி மொத்த வியாபாரம் செய்யும் எமது சகோதரர்கள் சிலர் கடந்த சில வருடங்களாக ஸ்வீட் கோர்ன் எனப்படும் இனிப்புச் சோளத்தின் பக்கமும் திரும்பியிருக்கின்றார்கள். விதையையும் பசளையையும் தாங்களே வாங்கிக் கொடுத்து, விளைந்ததும் கதிரைத் தாங்களே எடுத்துக்கொள்ளும் முறை இது. முற்பணம் போடுபவர் வியாபாரி, உழைப்பவர் விவசாயி. விளைச்சல் சரியாக வந்தால் இருவருக்கும் இலாபம். வராவிட்டால் யார் தலையில் விழும் என்பது பெரும்பாலும் பேசப்படாமலேயே இருந்து விடுகின்றது.

அப்படி முற்பணம் போட்ட ஒருவர் அண்மையில் என்னிடம் கேட்டார்: "நானா, ஒரு செடிக்கு ஒரு கதிர்தானே? அப்ப இருபது பேர்ச்சஸ்ல ரெண்டாயிரத்து எண்ணூறு செடிக்குப் பதிலா நாலாயிரம் செடி வெச்சா நாலாயிரம் கதிர் வரும்தானே?" வியாபாரக் கணக்கு என்று பார்த்தால் கேள்வியில் பிழை சொல்ல முடியாது. ஆனால் அவர் சொன்னபடி நட்ட விவசாயியிடமிருந்து வந்த லொறியை, கதிர் சிறியது, நுனியில் மணி இல்லை என்று கூறி வாங்குபவர் பாதிக்கு மேல் திருப்பி அனுப்பிவிட்டார். விவசாயி செடிக்குக் கணக்குக் கேட்கின்றார். வாங்கியவர் கதிரின் நீளத்துக்கே காசு தருவேன் என்கின்றார். இடையில் அகப்பட்டிருப்பவர் வியாபாரி. ஆகவே செடிக்குச் செடி எத்தனை அங்குலம் என்பது விவசாயியின் விடயம் மட்டுமல்ல. முதல் போடுபவரும் தெரிந்திருக்க வேண்டிய விடயம்.

முதலில் எண்ணிக்கையைப் பார்ப்போம். எமது நாட்டு விவசாயத் திணைக்களம் சோளத்துக்கு நீண்டகாலமாகச் சொல்லி வரும் இடைவெளி, நிரைக்கு நிரை 60 சென்ரிமீற்றர், செடிக்குச் செடி 30 சென்ரிமீற்றர், குழிக்கு ஒரு செடி என்பதாகும். இப்படி நட்டால் ஒரு ஹெக்டயரில் சுமார் 55,500 செடிகளும், ஏக்கரில் சுமார் 22,500 செடிகளும் நிற்கும். ஊவாவில் பலருக்கு ஏக்கர் கணக்கில் நிலம் இல்லை என்பதால் பேர்ச்சஸ் கணக்கில் சொல்வதே பொருத்தம்: ஒரு பேர்ச்சஸில் 140 செடிகள். நிரை இடைவெளியை மாற்றாமல், செடிக்குச் செடி 20 சென்ரிமீற்றராகக் குறைத்தால் பேர்ச்சஸுக்கு 210, ஏக்கருக்கு சுமார் 33,700. நிரையை 75 ஆக அகட்டி செடிக்கு 30 விட்டால் ஏக்கருக்கு சுமார் 18,000. அமெரிக்காவில் பச்சைக் கதிராக விற்கப்படும் இனிப்புச் சோளத்துக்குப் பெரும்பாலும் சொல்லப்படுவது ஏக்கருக்கு 17,000 முதல் 24,000 செடிகள் வரைதான். எமது 60க்கு 30 அந்த வரம்புக்குள்ளேயே வருகின்றது.

பத்து சென்ரிமீற்றர் குறைவதில் என்ன வந்துவிடப் போகின்றது? சோளச் செடியின் உச்சியில் இருப்பது ஆண்பூ. இலைக்கணுவில் உருவாவது கதிர். கதிரின் நுனியில் தொங்கும் பட்டு நூல் ஒவ்வொன்றும் உள்ளே ஒரு மணிக்கு உரியது. அந்த நூலில் மகரந்தம் விழுந்தால்தான் அந்த இடத்தில் மணி பிடிக்கும். ஒரு நூல் தப்பினால் ஒரு பல் விழுந்த மாதிரி. செடிகள் நெருங்கும்போது ஒன்றுக்கொன்று நிழலாகி, ஒளியும் நீரும் தழைச்சத்தும் பங்காகிப் போகின்றன. அப்போது செடி உச்சிப் பூவை விட்டுக்கொடுப்பதில்லை, கதிரைத்தான் பின்தள்ளுகின்றது. மகரந்தம் உரிய நாளில் கொட்டி முடிந்துவிடும், பட்டு நூலோ சில நாட்கள் பிந்தி வெளிவரும். கதிரின் அடிப்பகுதி நூல்கள் முதலிலும் நுனிப்பகுதி நூல்கள் கடைசியிலும் வருவதால் நட்டம் நுனியிலிருந்தே ஆரம்பமாகும். பிடித்த மணியையும் ஊட்ட வழியில்லாவிட்டால் செடி நுனி மணிகளையே முதலில் கைவிடும். நெருக்கம் இன்னும் கூடினால் செடி கதிரே போடாமல் வெறும் தண்டாக நிற்கும். சந்தையில் 'நுனி சொத்தை' என்று தள்ளப்படுகின்ற கதிர்களில் ஒரு பகுதிக்கு நோயும் இல்லை, பூச்சியும் இல்லை, காரணம் இடைவெளிதான்.

ஒரு கதிரில் எத்தனை வரிசை மணிகள் என்பது செடி சிறிதாக இருக்கும்போதே, பெரும்பாலும் இனத்தைப் பொறுத்துத் தீர்மானமாகி விடுகின்றது. வரிசையின் நீளம்தான் பிற்காலத்து நிலைமையால் கூடிக் குறைவது. எனவே நெருக்கத்தில் வளர்ந்த கதிர் பருமனில் அவ்வளவு வித்தியாசம் காட்டாது, நீளத்தில் காட்டிவிடும். வாங்குபவர்கள் பார்ப்பதும் நீளத்தைத்தானே! அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் தர விதிகளில் முதல்தரக் கதிருக்கு 6 அங்குலம், அடுத்த தரத்துக்கு 5 அங்குலம் என்று குறைந்தபட்ச நீளமே எழுதப்பட்டிருக்கின்றது.

இனி அந்தச் சகோதரரின் கேள்விக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பின்வரும் கழிவு வீதங்களும் விலையும் விளங்குவதற்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் தோட்டத்தில் வேறாக இருக்கலாம்.

நிலம் 20 பேர்ச்சஸ். 60க்கு 30 இடைவெளியில் 2,800 செடிகள். பத்தில் ஒன்று பிழைத்துப் போகின்றது என்று வைத்தால் மிஞ்சுவது 2,520 கதிர். இதில் முதல்தரம் 2,200, இரண்டாந்தரம் 320. முதல்தரத்துக்கு 10 பங்கு விலை, இரண்டாந்தரத்துக்கு 5 பங்கு விலை என்றால் மொத்தம் 23,600 பங்கு.

அதே நிலத்தில் 60க்கு 20 இடைவெளியில் 4,200 செடிகள். நாலில் ஒன்று கதிர் போடவில்லை என்று வைத்தால் 3,150 கதிர். முதல்தரம் 1,100, இரண்டாந்தரம் 2,050. மொத்தம் 21,250 பங்கு. இதற்கிடையில் 1,400 விதை அதிகமாகச் செலவாகியிருக்கின்றது. கலப்பின இனிப்புச் சோள விதை என்ன விலை என்பது அதை வாங்கிக் கொடுத்தவருக்குத்தான் தெரியும்.

இப்போது இதே இரண்டு தோட்டங்களையும் தராசில் போடுங்கள். முதல்தரக் கதிர் 300 கிராம், இரண்டாந்தரம் 200 கிராம் என்றால் அகட்டி நட்ட தோட்டம் 724 கிலோ, நெருக்கி நட்ட தோட்டம் 740 கிலோ. தராசு நெருக்கத்துக்குச் சாதகமாகச் சொல்கின்றது. தரம் பிரித்து எண்ணினால் எதிராகச் சொல்கின்றது. இரண்டும் உண்மைதான். எனவே எத்தனை செடி நடுவது என்று முடிவு செய்யுமுன் வியாபாரி தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டியது, நான் இதை யாருக்கு, எந்த அளவையில் விற்கப் போகின்றேன் என்பதுதான். ஹோட்டலுக்கும் சுப்பர் மார்க்கட்டுக்கும் வீதியோரத்தில் அவித்து விற்பவருக்கும் கதிர் ஒவ்வொன்றாகவே விலை போகின்றது. மணியை உதிர்த்துப் பொதி செய்து விற்பவருக்கு நிறைதான் முக்கியம். அவருக்குக் கதிர் அரை அங்குலம் குட்டையாக இருந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போவதில்லை.

அப்படியானால் வெளிநாடுகளில் நெருக்கித்தானே நடுகின்றார்கள் என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அமெரிக்காவில் 1930களில் ஹெக்டயருக்குச் சுமார் 30,000 செடிகள் நடப்பட்ட தானியச் சோளம், இன்று 75,000க்கும் மேல் நடப்படுகின்றது. அங்கு சோள இனவிருத்தியில் ஆயுளைச் செலவிட்ட டொனால்ட் டுவிக் பழைய இனங்களையும் புதிய இனங்களையும் அருகருகே நட்டு ஒப்பிட்டுப் பார்த்தார். தாராளமாக இடம் கொடுத்து நட்டபோது ஒரு செடியின் விளைச்சலில் பழையதற்கும் புதியதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. புதிய இனங்களின் திறமை நெருக்கடியைத் தாங்குவதில் இருந்தது. அதாவது ஏக்கர் விளைச்சல் ஏறியதற்குக் காரணம் நெருக்கம் மாத்திரமல்ல, நெருக்கத்துக்கென்றே பல தலைமுறை தெரிந்தெடுக்கப்பட்ட விதை. இனிப்புச் சோளத்தில் இந்த வேலை அந்தளவுக்கு நடக்கவில்லை. அங்கு நீண்ட காலம் பார்க்கப்பட்டது சுவையும் மென்மையும் தோற்றமும்தான். அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் இலினோய் ஆய்வாளர் மார்ட்டின் வில்லியம்ஸ் 2010களில் வெளியிட்ட ஆய்வுகளிலும், நெருக்கத்தைத் தாங்கும் சில கலப்பினங்களை வழக்கத்தை விடச் சற்று நெருக்கி நட்டால் இலாபம் கூடுகின்றது என்றே காணப்பட்டது. ஆனால் அது தகரத்தில் அடைக்கும் தொழிற்சாலைகளுக்கான சோளம். நிறைக்கு வாங்கப்படுவது. அந்தச் செய்தியை எடுத்துக்கொண்டு வந்து, கதிரை எண்ணி விற்கும் பதுளைத் தோட்டத்தில் பொருத்த முடியாது.

விதைக்கடையில் பொதியை வாங்கும்போது அதன் பின்பக்கத்தில் இடைவெளி அச்சிடப்பட்டிருக்கின்றதா என்று பாருங்கள். இனத்துக்கு இனம் அது மாறும். கடைக்காரர் சொல்வதைவிட அந்த எழுத்தை நம்பலாம் என்பது எனது அபிப்பிராயம். விதை அதிகம் விற்பதில் கடைக்காரருக்கு நட்டமில்லை அல்லவா!

ஊவாவுக்கென்று சில விசேடங்கள் இருக்கின்றன. ரிதிமாலியத்த, மஹியங்கனை பக்கத்துச் சமநிலமும், பதுளையைச் சுற்றிய தோட்டப்புறச் சரிவும், வெலிமடை வயல்களும் ஒன்றல்ல. பதுளை நகரே கடல் மட்டத்திலிருந்து சுமார் 680 மீற்றர் உயரத்தில் இருக்கின்றது. பண்டாரவளை 1,200 மீற்றரையும் தாண்டும். உயரம் கூடக் கூடக் குளிர் கூடிப் பயிருக்கு நாட்களும் கூடும். அதிக இனிப்பு இனங்களின் விதை சுருங்கி, மாச்சத்துக் குறைந்து இருக்கும். குளிர்ந்த ஈர மண்ணில் அது முளைக்கச் சிரமப்படும். பத்து விதைக்கு ஏழு முளைத்து, அந்த மூன்று வெற்றிடத்திலும் பத்து நாள் கழித்து மறுபடி விதை போடுவார்கள். பிந்தி முளைத்த செடி அண்டைச் செடிகளின் நிழலில் சிக்கி, கதிர் போடாமல் பசளையை மட்டும் தின்று நிற்கும். அது அங்கு களை மாதிரித்தான். குழிக்கு இரண்டு விதை போட்டு, இரு வாரமளவில் பலவீனமானதைக் கிள்ளி எடுப்பதே சரியான வழி. முளைத்த செடியைப் பிடுங்க விவசாயிக்கு மனம் வராது. இரண்டையும் விட்டுவிட்டு, "ரெண்டுலயும் கதிர் வருமே முதலாளி" என்பார். 30 சென்ரிமீற்றர் என்று பேசியது உண்மையில் 15 ஆகிவிடுவது இப்படித்தான்.

அடுத்தது காற்று. ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் ஊவாவில் அடிக்கும் வறண்ட காற்றுத்தான் இந்த மாகாணத்துத் தேயிலைக்கு அதன் பெயர்பெற்ற மணத்தைக் கொடுக்கின்றது. அதே காற்று சோளத்தைச் சாய்த்தும் விடுகின்றது. நெருக்கத்தில் வெளிச்சம் தேடி உயர்ந்த செடிக்குத் தண்டு மெலிது, வேரும் பரவியிருக்காது. சிறுபோகத்தில் காற்றுக்கு முகம் கொடுக்கும் சரிவில் நடுபவர் அகட்டியே நட வேண்டும். மேலும், சரிவில் நிரை மேலிருந்து கீழாக ஓடக்கூடாது. சமவுயரக் கோட்டில் குறுக்காக ஓட வேண்டும். இல்லாவிட்டால் நிரைகளுக்கிடையே மழைநீர் வாய்க்கால் போல இறங்கி மேல்மண்ணையும் போட்ட யூரியாவையும் கொண்டு போய்விடும்.

நீரும் பசளையும் இடைவெளியைத் தீர்மானிக்கும் மற்ற இரண்டு விடயங்கள். மழையை மட்டும் நம்பி நடும் இடத்தில் செடி குறைவாக இருப்பதே பாதுகாப்பு. பூக்கும் இரு வாரங்களில் மழை தவறினால் நெருக்கி நட்ட தோட்டமே முதலில் வாடும். பசளையும் அப்படித்தான். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அந்த வருட நவம்பரில் தடை நீக்கப்பட்ட பின்னரும் யூரியா விலை ஏறிக் கிடந்த காலம் எமக்கு மறந்திருக்காது. பசளை பாதியாகிவிட்டால் செடி எண்ணிக்கையும் அதற்கேற்பக் குறைய வேண்டும். செடியை முழுக்க வைத்துக்கொண்டு பசளையைப் பாதியாக்கினால் எல்லாச் செடியும் அரைவயிறு. முதல்தரக் கதிர் கிடைக்காது. பசளையை வாங்கிக் கொடுக்கும் முதலாளிமார் இதை விசேடமாகக் கவனிக்க வேண்டும். இருபது பேர்ச்சஸுக்கு 2,800 செடிக்கான பசளையைக் கொடுத்துவிட்டு 4,000 செடிக்கான கதிரை எதிர்பார்ப்பது எந்தக் கணக்கிலும் சேராது.

படைப்புழுவையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகின்றேன். 2018ஆம் ஆண்டு இலங்கைக்குள் வந்த இந்தப் புழு, அந்தப் பெரும்போகத்திலேயே சோளச் செய்கையை உலுக்கி எடுத்தது. அது குருத்துக்குள் ஒளிந்திருப்பதால் செடி செடியாகப் பார்க்க வேண்டியிருக்கின்றது. ஆள் நுழைய முடியாத நெருக்கத்தில் யார் பார்ப்பது?

தோட்டப்புறங்களில் லயன்களுக்கு அருகில் இருக்கும் சிறு துண்டு நிலங்களில் பலர் மரக்கறிப் பாத்தியின் ஓரமாக ஒற்றை நிரையில் சோளம் நடுகின்றார்கள். வீட்டுக்கு அவித்துச் சாப்பிட அது போதும். விற்பனைக்கு உதவாது. சோளத்துக்கு மகரந்தத்தைக் கொண்டு செல்வது காற்று. ஒற்றை நிரையில் மகரந்தம் பக்கவாட்டில் பறந்து வெறும் மண்ணில் விழும். கதிரில் பல் விழுந்து கிடக்கும். நூறு செடியானாலும் ஒரே நீள நிரையாக இல்லாமல், குறைந்தது நான்கு குறு நிரைகளாகச் சதுரத்தில் நட வேண்டும். சேனையில் குரக்கனுக்கிடையே ஆங்காங்கே சோளத்தை நட்டுப் பழகிய கைகளுக்கு இது புதிது. ஆகவே முற்பணம் கொடுக்கும் நாளிலேயே சொல்லிவிடுவது நல்லது. அகட்டி நட்ட இடத்தில் செடியின் அடியில் பக்கக்கிளை கிளம்பும். அதை வெட்டி எறிவதற்குக் கூலி கொடுக்காதீர்கள். வெட்டுவதால் கதிர் பெருப்பதில்லை.

சரி, நாம் விவசாயிகள் அல்லவே, தோட்டத்தில் போய் எதைப் பார்ப்பது? 22 அடி நீளமான ஒரு கயிறு போதும். 60 சென்ரிமீற்றர், அதாவது ஏறத்தாழ இரண்டு அடி நிரை இடைவெளியில், 22 அடி நீள நிரை என்பது ஓர் ஏக்கரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. கயிற்றை நிரையில் வைத்து அதற்குள் நிற்கும் செடிகளை எண்ணுங்கள். 22 செடி என்றால் ஏக்கருக்கு 22,000. 33 என்றால் 33,000. நிரை இரண்டரை அடியாக இருந்தால் கயிறு பதினேழரை அடியாக இருக்க வேண்டும். தோட்டத்தின் ஓரத்தில் மட்டும் எண்ணாமல் ஐந்தாறு இடங்களில் எண்ணிச் சராசரி எடுங்கள். ஓரச் செடிகள் எப்போதும் செழிப்பாகவே இருந்து கண்ணை ஏமாற்றும். இதைச் செய்ய வேண்டிய காலம் விதைத்து மூன்று வாரத்துக்குள். அப்போது மிகையான செடியைப் பிடுங்கித் திருத்தலாம். பட்டு நூல் வந்த பிறகு எண்ணுவதால் விலை பேச உதவுமே தவிர கதிர் பெருக்க உதவாது. நூல் வந்து ஏறத்தாழ மூன்று வாரத்தில், குளிர்ப் பகுதியில் இன்னும் சில நாட்கள் பிந்தி, அறுவடைக்கு முன் நடுத்தோட்டத்தில் பத்துக் கதிரை உரித்து நுனி வரை மணி இருக்கின்றதா, நீளம் எத்தனை அங்குலம் என்று பார்த்துவிட்டே லொறிக்குச் சொல்லுங்கள்.

உடன்படிக்கையையும் இதற்கேற்பப் பேசிக்கொள்ள வேண்டும். 'விளைவது எல்லாம் எனக்கு' என்று பொத்தாம் பொதுவாகப் பேசுவதால்தான் பின்னர் மனக்கசப்பு வருகின்றது. முற்பணம் கொடுத்து வாங்கும் 'ஸலம்' முறையில் பொருளின் வகை, தரம், அளவு, ஒப்படைக்கும் காலம் அனைத்தும் குறிக்கப்பட வேண்டும் என்பதும், ஒரு குறிப்பிட்ட தோட்டத்தில் விளைவது என்று பேசுவது அதில் அடங்காது என்பதும் எமது வியாபாரிகள் கேள்விப்பட்டதுதான். மேலதிக விளக்கத்தை ஆலிம்களிடம் பெற்றுக்கொள்ளலாம். நடைமுறையில் அது இப்படி வரும்: ஆறு அங்குலத்துக்கு மேல், நுனி நிறைந்த கதிர் இத்தனை, இன்ன விலை, ஐந்து முதல் ஆறு அங்குலம் வரை இன்ன விலை, அதற்குக் குறைந்தது நிறைக் கணக்கில் இன்ன விலை. இப்படி இரண்டு மூன்று விலை போட்டுக் கொடுத்தால் இடைவெளியை விவசாயி தானாகவே கவனிப்பார். எல்லாவற்றுக்கும் ஒரே விலை என்றால் அவர் நெருக்கியே நடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

செடிக்குச் செடி இடைவெளி ஒருபுறமிருக்க, தோட்டத்துக்குத் தோட்டம் உள்ள இடைவெளியையும் பார்த்துவிடுங்கள். பதுளை மாவட்டத்தின் கீழ்ப்பகுதிகளிலும் மொனராகலையிலும் கோழித்தீவனத்துக்கான தானியச் சோளம் பரவலாகச் செய்கை பண்ணப்படுகின்றது. அதன் மகரந்தம் காற்றில் வந்து அதிக இனிப்பு இனத்தின் கதிரில் விழுந்தால் அந்த மணிகள் இனிப்பிழந்து மாவாகிவிடும். அடுத்த தலைமுறையில் அல்ல, அதே கதிரில். நீளமும் நுனியும் சரியாக இருந்தும் "இது ஸ்வீட் கோர்ன் இல்லை" என்று திருப்பி அனுப்பப்படும் கதிர்களில் பல இந்த வகை. பக்கத்தில் தானியச் சோளம் இருந்தால் 80 முதல் 100 மீற்றர் தள்ளி நட வேண்டும். அவ்வளவு நிலம் இல்லாவிட்டால், இரண்டும் ஒன்றாகப் பூக்காதபடி விதைக்கும் நாளை இரு வாரம் முன் பின்னாக மாற்றிக்கொள்ள வேண்டும். பக்கத்துக் காணிக்காரர் என்ன நடப்போகின்றார், எப்போது நடப்போகின்றார் என்பதைப் பெரும்போக மழைக்கு முன்னரே விசாரித்து வைத்துக்கொண்டு, அதன் பின்னர் விதைக்குக் காசு கொடுங்கள்.